அரவ சின்னசாமியின் அப்பா

மனிதனாகப் பிறந்தவனுக்கு ஓர் அப்பா இருந்தே தீரவேண்டும் என்று கண்டுபிடித்த பெருமை, திருப்பதியில் இருக்கும் வம்சாவளி நிர்ணய இயக்குநரகத்தையே சேரும். அதற்கு முன்பெல்லாம் ஜனங்கள் தம் பாட்டுக்குப் பிறந்து, தம் பாட்டுக்கு உழுது, தம் பாட்டுக்குச் செத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒழுங்கீனத்தைப் பொறுக்கமாட்டாமல் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அறுபத்திரண்டு பேரைச் சம்பளத்துக்கு உட்காரவைத்து, வம்சத்தின் அடையாளமாக வாசலில் சிமெண்டில் ஓர் ஆலமரத்தையும் நிறுத்தினார்கள். அந்த இடத்தில் நிஜமாகவே ஓர் ஆலமரம் இருந்தது. சிமெண்ட் மரத்துக்கு இடம் போதவில்லை என்று அதை வெட்டிவிட்டார்கள்.

பிச்சாட்டூர் பக்கம் கல்லேரியில் கத்தரியும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்த கோவர்த்தனனுக்கு ஆனி மாதத்தில் அந்த இயக்குநரகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் அனுபவத்தில் இருக்கும் ஒரு ஏக்கர் எழுபது சென்ட் நிலம் அரவ சின்னசாமி என்பவர் பேரில் இருக்கிறதாம். அதே பேரில் அந்த மண்டலத்தில் நாற்பத்தொரு பேர் இருக்கிறார்களாம். அவர்களில் தன் தாத்தா யார் என்பதை, தாத்தாவைப் பெற்ற தாய் தகப்பன் பேரைக் கொண்டு தொண்ணூறு நாளுக்குள் கோவர்த்தனன் நிரூபிக்க வேண்டும். தவறினால் நிலம் வாரிசு இல்லாததாகக் கருதப்படும்.

கடிதத்தை மகள் ரூபா படித்துக் காட்டியபோது கோவர்த்தனனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது முறை படித்ததும் விளங்கியது. அவருக்கு இருந்ததே அந்த நிலம் ஒன்றுதான். அதில் இருந்த கிணறு தாத்தா சின்னசாமி தன் கையால் வெட்டியது. அந்தத் தண்ணீரில் விளைந்ததைத் தின்றுதான் மூன்று தலைமுறை வளர்ந்தது, ரூபா நர்ஸிங் முடித்தது, எல்லாம்.

நாற்பத்தொரு சின்னசாமிகள் எப்படி வந்தார்கள் என்று கேட்டால், அதற்கும் சர்க்காரே காரணம். எல்லை மாறி இந்த ஊர்களெல்லாம் மதராஸிலிருந்து ஆந்திராவுக்குப் போன வருஷம், பதிவேடுகளைத் தெலுங்கில் புதிதாக எழுத ஒரு குமாஸ்தா வந்து உட்கார்ந்தார். முதல் கட்டத்தில் இண்டி பேரு எழுத வேண்டும். அதாவது குடும்பப் பேர். தெலுங்குக்காரர்களுக்கு அது உண்டு, தமிழ்க் குடியானவனுக்கு ஏது? அப்பன் பேரில் முதல் எழுத்தைச் சொன்னார்கள். அது செல்லாது என்றார் குமாஸ்தா. கட்டத்தைக் காலியாக விடவும் அவருக்குத் தைரியம் இல்லை. தெலுங்கில் தமிழனை அரவம் பேசுகிறவன் என்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடியட்டும் என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் 'அரவ' என்று எழுதிவிட்டு மோர் குடிக்கப் போய்விட்டார். காலையில் வெவ்வேறு குடும்பங்களாக வந்து நின்றவர்கள் மத்தியானம் ஒரே குடும்பமாக வீடு திரும்பினார்கள்.

கோவர்த்தனன் வேட்டி சட்டையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு திருப்பதிக்கு வண்டி ஏறினார். இயக்குநரகத்தில் முதல் கவுண்டரில் தருண் என்ற இளைஞன் இருந்தான்.

"பேரு?"

"கோவர்த்தனன் சார்."

"இண்டி பேரு?"

"அரவ."

தருண் பெருமூச்சு விட்டான். "நீங்களுமா? சரி, உங்க தாத்தா வரலையா?"

"அவரு செத்துப்போயி நாப்பது வருசத்துக்கு மேல ஆவுது சார்."

"அது இருக்கட்டும்ங்க. சம்பந்தப்பட்டவர் நேர்ல வந்தாத்தான் ஃபோட்டோ எடுக்க முடியும். வர முடியாதுன்னா, ஏன் வர முடியாதுன்னு அவரே கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டர் குடுக்கணும். அவரைப் பெத்தவங்க ஆதார் இருக்கா?"

"அவங்க பேரே தெரியாமதான சார் இவ்ளோ தூரம் வந்துகிறேன்?"

"பேர் தெரியலைன்னா பரவால்ல. ஆதாரை மட்டும் எடுத்துட்டு வாங்க. பேரை நாங்க பாத்துக்கறோம்."

இதைவிட இதமாக ஒருவரால் பேச முடியாது. கோவர்த்தனன் கும்பிட்டுவிட்டு, பழைய பதிவேட்டைப் பார்த்தால் தெரியுமே என்று மெதுவாகச் சொன்னார். தருண் முகம் மலர்ந்தது. பழைய பதிவேடுகள் எல்லாம் சித்தூரில் இருக்கின்றன. மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது நாற்காலிகள் திருப்பதிக்கு வந்தன, காகிதங்கள் சித்தூரிலேயே தங்கிவிட்டன. ஆகையால் கேள்வி கேட்கும் அதிகாரம் இங்கே, பதில் அங்கே.

புத்தூரில் பஸ் மாறிச் சித்தூர் போனார். இயக்குநரகத்தின் பதிவேட்டுக் கிடங்குக்குப் பொறுப்பு சுரேஷ்பாபு. அவர் பெரிய மேஜைக்குப் பின்னால், தம் பேர் எழுதிய பலகைக்கும் தூக்கத்துக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார்.

"பக்க எண் என்ன?" என்றார்.

"அது எப்பிடி சார் எனக்குத் தெரியும்?"

"பக்க எண் இல்லாம நான் பதிவேட்டை எடுக்க முடியாது."

"பதிவேட்ட பாத்தாதான சார் பக்கம் தெரியும்?"

"கரெக்ட்" என்றார் சுரேஷ்பாபு, பாடத்தைச் சரியாக ஒப்பித்த மாணவனைப் பார்ப்பதுபோல. "இருபத்தாறு வருஷமா இந்தச் சீட்ல இருக்கேன். ஒரு பதிவேடு கிழிஞ்சதில்ல, ஒரு பக்கம் அழுக்கானதில்ல. ஏன்னு சொல்லுங்க பாப்போம்? ஒண்ணைக்கூட நான் திறந்ததில்ல. பாதுகாப்புன்னா அது."

இந்தப் பாதுகாப்பை உடைக்கக் கோவர்த்தனன் ஐந்து முறை சித்தூருக்கு அலைந்தார். பக்க எண் தெரியாது என்பதற்கு ஒரு வாக்குமூலம், அந்த வாக்குமூலம் தன்னுடையதுதான் என்பதற்கு இன்னொரு வாக்குமூலம், இரண்டும் ஒரே ஆள் எழுதியது என்று இரண்டு சாட்சிகள். ஆறாவது நடையில் கல்லேரிப் பதிவேடு மேஜைக்கு வந்தது. தூசு பறந்ததில் சுரேஷ்பாபு தும்மினார், பதினைந்து நிமிஷம் ஓய்வு எடுத்துக்கொண்டார்.

கோவர்த்தனன் தெலுங்கை எழுத்துக் கூட்டிப் படித்தார். சின்னசாமி இருந்தார். தாத்தா பேரை எழுத்தில் பார்த்ததும் கோவர்த்தனனுக்குக் கண் கலங்கியது. பக்கத்துக் கட்டத்தில் தகப்பன் பேர். அங்கே தெலுங்கில் 'மேற்படி' என்று இருந்தது. மேல் வரியைப் பார்த்தார். அங்கேயும் மேற்படி. அதற்கு மேலும் மேற்படி. விரலை வைத்துக்கொண்டே பக்கம் பக்கமாக மேலே ஏறிப் போனார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் மேற்படிதான் தகப்பன். முதல் பக்கத்து முதல் வரியில் மட்டும் அந்தக் குமாஸ்தா யாரோ ஒருவனுடைய அப்பன் பேரைக் கேட்டு எழுதியிருக்கிறார். அந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது.

இத்தனை நாளும் வராத கோபம் கோவர்த்தனனுக்கு அப்போது வந்தது. வெயிலில் நின்ற ஒவ்வொருவனுக்கும் ஒரு தகப்பன் இருந்தான், தூக்கி வளர்த்தவன், ஏர் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அதற்கு வாய் வலித்திருக்கிறது அந்த ஆளுக்கு.

"வேண்டியது கிடைச்சுதா?" என்றார் சுரேஷ்பாபு. கரையான் தின்ற இடத்தைக் கோவர்த்தனன் காட்டினார். அவர் அதை உன்னிப்பாகப் பார்த்து, அந்த ஓட்டையை நகல் எடுத்து, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் கோவர்த்தனனுக்கு அந்த யோசனை தோன்றியது. தோன்றியதும் எழுந்து நின்றுவிட்டார், கண்டக்டர் உட்காரச் சொல்லி அதட்டினார். அவர்கள் வழக்கத்தில் மூத்த மகனுக்குத் தாத்தா பேரைத்தான் வைப்பார்கள். கல்லேரியில் எந்த வீட்டை எடுத்தாலும் அப்படித்தான். சின்ன வயசிலேயே இறந்துபோன தன் அண்ணனுக்கும் சின்னசாமி என்றுதான் பேர். நைனா என்று தான் கூப்பிட்ட அப்பாவின் பேர் முனுசாமி, அவர் சின்னசாமிக்கு மூத்த மகன். அப்படியானால் சின்னசாமியின் அப்பாவும் முனுசாமிதான். வேறு யாராக இருக்க முடியும்? பெயர் தெரியாத முப்பாட்டனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவி செங்கம்மாவிடம் சொன்னபோது குழந்தைபோலச் சிரித்தார்.

செங்கம்மா சிரிக்கவில்லை. "இத நீ அங்க போயி சொல்ல, அவனுங்க ஒத்துக்க, நல்லா நடந்துது போ" என்றாள்.

இயக்குநரகத்தில் இந்த மாதிரி விஷயங்களைக் கவனிப்பது கண்காணிப்பாளர் வைஜயந்தி. அந்த அம்மாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார், கம்ப்யூட்டரில் தட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"கோவர்த்தனன்காரு, சின்னசாமிக்கு அப்பா முனுசாமி. முனுசாமிக்கு அப்பா சின்னசாமி. ஒரே ஊரு, ஒரே இண்டி பேரு, ஒரே நிலம். கம்ப்யூட்டர் ரெண்டு முனுசாமியையும் ஒண்ணாக்கிடுச்சு."

"அவங்க ரெண்டு ஆளும்மா. ஒருத்தர் எங்க நைனா. இன்னொருத்தரு எங்க தாத்தாவோட நைனா."

"கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லலையே."

"எங்க நைனா, அவரோட நைனாவ எப்பிடிம்மா பெத்திருப்பாரு?"

"அதைத்தான் நாங்களும் உங்ககிட்ட விளக்கம் கேக்கறோம்" என்றார் வைஜயந்தி, உண்மையான அக்கறையுடன். "பாருங்க, உங்க வம்சம் வட்டமா இருக்கு. எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. முடிவில்லாத விஷயத்தை சர்க்கார் ஏத்துக்கும். இங்க இருக்கற ஃபைல் எதுக்குமே முடிவு கிடையாது. ஆனா ஆரம்பம் இல்லாததை எப்படி ஏத்துக்கறது? ஆரம்பிக்காத குடும்பத்துல நீங்க எப்படிப் பிறந்தீங்கன்னு நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்ல?"

சொன்னதோடு நிற்கவில்லை. தன் தாத்தாவைத் தன் தந்தையே பெற்றதாகப் பொய்த் தகவல் கொடுத்ததற்குப் பதினைந்து நாளில் விளக்கம் தரவேண்டும் என்று நோட்டீஸும் கையோடு கொடுத்து அனுப்பினார். கோவர்த்தனன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிமெண்ட் ஆலமரத்தின் கீழே சற்று நேரம் நின்றார். அதில் நிழல் இல்லை.

தொண்ணூறாவது நாள் இயக்குநர் ஸௌரிராஜன் முன்னால் விசாரணை நடந்தது. அவருடைய அறையில் ஒரு சுவர் முழுக்க அவருடைய வம்ச விருட்சம் வரைந்து மாட்டியிருந்தது. உச்சியில் தாடி வைத்த ஒரு ரிஷி. அங்கிருந்து இருபத்து மூன்று தலைமுறை இறங்கி வந்து, அடியில் கோட்டு போட்ட ஸௌரிராஜனில் முடிந்தது. எதிரில் இருப்பவர் அதைப் பார்த்து முடிக்கும்வரை அவர் பேச ஆரம்பிக்க மாட்டார்.

"பார்த்தீரோ?" என்றார். "ரிஷியிலேர்ந்து நான் வரைக்கும் ஓர் இடைவெளி கிடையாது. இதுக்கு என்ன ஆதாரம்னு இதுவரைக்கும் எவனும் என்னைக் கேட்டதில்லை. கேக்கவும் முடியாது, ஏன்னா ஆதாரம் கேக்கற சீட்ல நான்தான் இருக்கேன். உம்மைப் பாரும். தாத்தாவுக்கு அப்பா பேரே தெரியலை. இப்படிப்பட்டவாளுக்கெல்லாம் நிலம் எப்படி வந்ததுங்கறதே எனக்கு ஆச்சர்யமா இருக்கு."

"எங்க தாத்தா வெட்டுன கெணறு கீது சார் அங்க. ஊர்ல யார வேணா கேளுங்க, சொல்லுவாங்க."

"கிணறு சாட்சி சொல்லாதுங்காணும். ஊர்க்காரா சொல்றது வாய்வார்த்தை. இந்த நாற்காலிக்கு மனுஷாளைத் தெரியாது, காகிதத்தைத்தான் தெரியும். ஆனா நான் கல்நெஞ்சன் இல்லை. அப்பா இல்லாத ஒருத்தரை அப்படியே விட்டுடுவேனா?"

விடவில்லை. உத்தரவு நான்கு நாளில் வீட்டுக்கே வந்தது. ரூபா அதை உரக்கப் படித்தாள். 'பெற்றோர் இன்றி எவரும் பிறக்க இயலாது என்பதாலும், மேற்படி சின்னசாமி பிறந்துள்ளார் என்பதாலும், பெற்றோர் இடத்தைக் காலியாக வைக்க விதி அனுமதிக்காது என்பதாலும், பதினேழாம் விதியின்படி இவ்வியக்குநரகத்தின் இயக்குநர், தம் பதவியின் காரணமாக, மேற்படி சின்னசாமியின் தந்தையாக அறிவிக்கப்படுகிறார். தாயார் இடத்துக்குத் தகுந்த அதிகாரி இல்லாத நிலையில், அதையும் கூடுதல் பொறுப்பாக இயக்குநரே கவனிப்பார். மகனின் நிலம் தந்தையையே சேரும். அதில் இயக்குநரகத்தின் பயிற்சி மையம் கட்டப்படும். கிணறு மூடப்படும்.'

விசாரித்ததில் மற்ற நாற்பது சின்னசாமிகளின் வீட்டுக்கும் இதே உத்தரவு போயிருந்தது. பேரை மாற்ற வேண்டிய அவசியம்கூட ஏற்படவில்லை.

கோவர்த்தனன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் செங்கம்மா அங்கேயே வந்துவிட்டாள்.

"நாளிக்கி மாளய அமாவாச. நெனப்பு கீதா?"

"கீது."

"ஒவ்வொரு வருசமும் ஆத்துல எறங்கி நைனாவுக்கு எள்ளுந்தண்ணியும் வுடற, தாத்தாவுக்கு வுடற. மூணாவதா, பேர் தெரியாத முப்பாட்டன்னு சொல்லிக்கினு வுடற இல்ல? இப்பதான் பேரு வந்துட்ச்சே. நான்தான் அப்பன்னு அந்த ஆளு எழுத்துல குட்த்துகிறான், சீல் போட்டு. அப்பனுக்கு இன்னா பண்ணணுமோ அத முறையா பண்ணிட்டு வா."

கோவர்த்தனன் அவளையே பார்த்தார். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. எழுந்து வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு தின்றார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு இயக்குநரகத்தின் நடுக்கூடத்தில், இயக்குநர் அறைக்கு நேர் எதிரே, கோவர்த்தனன் ஈரவேட்டியுடன் வாழையிலை விரித்து உட்கார்ந்தார். எள், தர்ப்பை, செம்பில் தண்ணீர், இலையில் இரண்டு பிண்டம். வரிசையில் நின்ற ஜனம் தானாக விலகி இடம் விட்டது. தருண் ஓடி வந்தான்.

"என்னங்க இது? இங்கெல்லாம் பண்ணக்கூடாது."

"எங்க தாத்தாவோட நைனாவுக்கு எள்ளுந்தண்ணியும் வுடணும் தம்பி. கோத்திரம் இன்னா, நச்சத்திரம் இன்னா, அத கேட்டுச் சொன்னா முடிச்சிக்கினு கெளம்பிடுவேன்."

"உங்க தாத்தாவோட அப்பா யாரு? அதுதான் யாருன்னே தெரியலையே?"

"உங்க டைரக்டருதான்" என்று கோவர்த்தனன் உத்தரவை நீட்டினார். தருண் படித்தான். அவன் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு காகிதத்தை முழுவதும் படித்தது அதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார் ஸௌரிராஜன். இலையைப் பார்த்தார், எள்ளைப் பார்த்தார், வலது கையில் மாட்டியிருந்த தர்ப்பையைப் பார்த்தார். அது என்ன என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"சார், பேரு ஸௌரிராஜன். கோத்திரம் இன்னா சொல்றது?" என்றார் கோவர்த்தனன், செம்பைக் கையில் எடுத்து.

"கீழே வையும்! அந்தச் செம்பை முதல்ல கீழே வையும்! நான் உசுரோட இருக்கேன் ஓய்!"

"அதுக்கு இன்னா ப்ரூஃப் சார்?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க தாத்தா பொறந்தது ஆயிரத்து தொள்ளாயிரத்து இருவத்தி ரெண்டாம் வருசம். அவரு நைனா இன்னும் உசுரோட கீறாருன்னா எப்பிடி சார் நம்பறது? அம்மாவும் நீங்கதான்னு எழுதிக்கீறீங்க. அதான் ரெண்டு பிண்டமா புட்ச்சி வெச்சிகிறேன், உங்களுக்குக் கொற வெக்கக்கூடாதுன்னு."

செம்பு சாய ஆரம்பித்தது. ஸௌரிராஜன் அலறிய அலறலில் மூன்றாம் மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்தது. "நான் யாருக்கும் அப்பா இல்லை! எழுதித் தரேன்! வைஜயந்தி, பேப்பர்! பேப்பர் எடுங்கோ!"

பதினொரு நிமிஷம் ஆயிற்று. இயக்குநர் தம் கையாலேயே எழுதினார். அரவ சின்னசாமிக்கும் தமக்கும் எந்த உறவும் இல்லை, தமக்கு பெங்களூரில் இருக்கும் ஒரு மகனைத் தவிர வேறு பிள்ளைகள் கிடையாது, சின்னசாமியைப் பெற்றவர்கள் யாராக இருந்தாலும் இவ்வியக்குநரகத்துக்கு ஆட்சேபணை இல்லை, கிணற்றை வெட்டியவர் அவரே என்று ஊரார் சொல்வது போதுமானது, நிலம் மனுதாரருக்கே. கையெழுத்து, முத்திரை, தேதி. கோவர்த்தனன் எள்ளை மறுபடியும் பொட்டலம் கட்டிக்கொண்டு, அன்று பொழுது சாய்வதற்குள் ஆற்றுக்குப் போய்த் தன்னுடைய சொந்த முப்பாட்டனுக்கு, முனுசாமி என்று முதல்முறையாகப் பேர் சொல்லி, முறைப்படி விட்டார். விடும்போது அழுதார்.

நடந்ததிலிருந்து இயக்குநரகம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. இனி எல்லா அமாவாசையும் அந்த அலுவலகத்துக்கு விடுமுறை என்று சுற்றறிக்கை வந்தது.

மற்ற நாற்பது வீட்டுக்காரர்களும் பதறிப்போய்க் கோவர்த்தனனைத் தேடி வந்தார்கள். "அமாவாசையில பூட்டிக்கினு பூட்றானுங்களே, நாங்க இன்னா பண்றது?" என்று கேட்டார்கள்.

"அமாவாசதான்னு யாரு சொன்னா?" என்றார் கோவர்த்தனன். "செத்த திதி என்னிக்கோ அன்னிக்கு குடுக்கறதுதான் மொறையே."

"என்னிக்கு செத்தாருன்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவங்களயே எழுதிக் கேளுங்க. சர்ட்டிபிகேட் குடுக்கறதுதான அவங்க வேல?"

அடுத்த திங்கட்கிழமை இயக்குநரகத்துக்கு நாற்பது மனுக்கள் வந்து சேர்ந்தன. தங்கள் இயக்குநர் இறந்த தேதியைச் சான்றிட்டு வழங்கவும் என்று நாற்பதிலும் கேட்டிருந்தது. தருண் ஒன்றையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் ரசீது கொடுத்து, வழக்கமான பதிலை அடித்து, இயக்குநரிடமே கையெழுத்தும் வாங்கி அனுப்பிவைத்தான்: 'தாங்கள் கோரியது பரிசீலனையில் உள்ளது. விரைவில் ஆவன செய்யப்படும்.'